வெயிலுக்கும் வந்தது விலை!

திருச்சுழிப் பக்கம் வெயிலைத் திட்டாதவர் உண்டா? மழை பொய்த்தால் கருவேல மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் சீமை இது. அந்த வெயிலுக்குத்தான் இப்போது விலை பேசுகிறார்கள்!

பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. அந்த மின்சாரத்தை மின்சார வாரியம் வாங்குகிறது.

சரி, அருப்புக்கோட்டை நூல் மில்லோ, ஆஸ்பத்திரியோ இப்படித் தனக்கென்று வாங்க முடியுமா?

முடியும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. 2006-ல் பேங்க் கடனும் வாங்கி, ஒன்றரைக் கோடிக்கு மேல் போட்டுக் காற்றாலை வாங்கியது. காற்றாலை நிற்பது வெளியூரில். விளக்கு எரிந்தது ஓடந்துறையில். மிச்சத்தை வாரியத்துக்கே விற்றார்கள்!

தனிக் கம்பியா இழுத்தார்கள்? இல்லை. கண்மாய்க்கு ஒரு பக்கம் வரத்து, மறுபக்கம் மடை, அது போலத்தான். அங்கே வாரியக் கம்பியில் விடுகிறார்கள், இங்கே எடுக்கிறார்கள். மீட்டர் கணக்குச் சொல்லும். கம்பிக்குக் கட்டணம் உண்டு. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் லாபம் கரைந்துவிடும்.

நாலு மில்கள் கூட்டுச் சேர்ந்தும் நிலையம் வைக்கலாம். 26 சதவீதப் பங்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும். மின்சாரத்தில் 51 சதவீதத்தை அவர்களே செலவழிக்க வேண்டும்.

முன்பு 1,000 கிலோவாட் தேவை உள்ளவர்களுக்குத்தான் இந்த வழி. 2022 மத்திய அரசு விதி அதை 100 ஆக்கியது. அதுவும் இல்லாத சின்னப் பள்ளிக்கூடமா? மொட்டை மாடி இருக்கிறது, வெயிலும் இருக்கிறது!