விடைபெறும் நாளில் விளங்கும் தொண்டு

பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுள் சிலருக்கு இக்காலத்தில் புதியதொரு வாய்ப்புக் கிட்டுகின்றது. நிறுவனமே செலவை ஏற்று, சில வாரங்கள் அயல்நாட்டில் தொண்டாற்ற அவர்களை அனுப்பி வைக்கின்றது. இதனைப் பெரும் தியாகம் எனப் புகழ்வோர் உண்டு. வெறும் உல்லாசப் பயணம் என எள்ளுவோரும் உண்டு. இவற்றுள் எது உண்மை என்பது அத்தொண்டு நிறைவுறும் நாளிலேதான் விளங்கும் என்பது நம் கருத்து.

ஐ.பி.எம். நிறுவனம் 2008ஆம் ஆண்டில் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. பல நாடுகளைச் சேர்ந்த ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கானா, தன்சானியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம் முதலிய நாடுகளுக்குச் சென்று ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினர். சிறுதொழில் செய்வோருக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் தம் தொழிலறிவைக் கட்டணமின்றி வழங்கினர். தன் ஊழியரைத் தலைமைப் பொறுப்புக்குப் பயிற்றுவிப்பதும் இதன் நோக்கமே என்பதை நிறுவனம் மறைக்கவில்லை. அதில் குற்றம் காண்பதற்கில்லை. கொடுக்கச் செல்பவனும் பெற்றுத் திரும்புகிறான் என்பதை அறிந்திருத்தல், ஆணவத்துக்கு நல்ல மருந்தன்றோ?

கிளிமஞ்சாரோ மலைச்சாரலில் காப்பி பயிரிடும் உழவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கணினி கற்ற இளைஞர் ஒருவர் அங்குச் செல்கிறார். யார் எவ்வளவு காப்பிக்கொட்டை கொணர்ந்தார், எவ்வளவு பணம் பெற வேண்டும் என்பதை நொடியில் காட்டும் கணக்கு முறையை மூன்றே வாரங்களில் அமைத்து விடுகிறார். அனைவரும் கைதட்டுகின்றனர். ஆனால் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். அதனை இயக்கத் தெரிந்தவரோ அவர் ஒருவரே. அவர் ஏறிய விமானம் மறைந்ததும் அம்முறையும் மறைந்துபோகும். எழுத்தர் மீண்டும் பழைய பேரேட்டைப் புரட்டுவார். அதற்குள் ஓர் எடைச்சீட்டு தவறினாலும், நட்டம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கே.

ஆதலின் நான்காம் வாரம் விருந்துக்கும் நிழற்படத்துக்கும் உரியதன்று. தொண்டர் தம் கையைக் கட்டிக்கொண்டு, உள்ளூர் எழுத்தர் தாமே கணக்கெழுதுவதைக் கண்டிருக்க வேண்டிய வாரம் அது. ஒருவருக்கன்று, இருவருக்கேனும் வேலையைக் கற்பித்திருத்தல் வேண்டும். செய்முறை அம்மக்களின் சுவாஹிலி மொழியில் எழுதப்பெற்றிருத்தல் வேண்டும். முடியாது எஞ்சியவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "மீண்டும் வருவேன்" என்று, நிறைவேற்ற இயலாத வாக்கை அளித்தலாகாது.

திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில், பிற நாடுகளுக்குச் செல்லும் வல்லுநர்கள் ஆண்டைகளைப் போலன்றி, உதவியாளராகவும் உடனுழைப்பாளராகவும் விளங்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். உடனுழைப்பாளன் சென்றபின்பும் வேலை நடைபெறும். ஆண்டை சென்றாலோ வேலை நின்றுவிடும்.

புனித சின்னப்பரின் வாழ்விலும் இதற்குச் சான்று உண்டு. தெசலோனிக்கா நகரின் தொழுகைக்கூடத்தில் அவர் மூன்று ஓய்வுநாள்களில் போதித்ததாகத் திருத்தூதர் பணி நூல் கூறுகின்றது. கலகம் மூளவே, இரவோடிரவாக அந்நகரை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் அவர் அம்மக்களை மறந்தாரல்லர். அவர்களது நிலையறியத் திமொத்தேயுவை அனுப்பினார், மடல் எழுதினார். அங்குத் தங்கியிருந்த காலத்தில் எவருக்கும் சுமையாகாதபடி தம் கையாலேயே உழைத்து உண்டார். அவர் நீங்கிய பின்னும் அச்சபை நிலைத்து நின்றது. தங்கிய காலம் குறுகியதாயினும் தொண்டு குறுகியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய பணி முடித்து வீடு திரும்பும்போது மகிழ்ச்சியுடன் வரவேற்பீர்கள். கொணர்ந்த பொருள்களையும் படங்களையும் கண்டு களிப்பீர்கள். அத்துடன், "நீ செய்த வேலையை யாரிடம் ஒப்படைத்து வந்தாய்? அவர்கள் உனக்குக் கற்பித்தது என்ன?" என்றும் கேளுங்கள். இவ்விரண்டு வினாக்களுக்கும் பெயர் சொல்லி விடையளிக்கும் பிள்ளை உண்மையாகவே தொண்டாற்றி வந்த பிள்ளை. அன்றிரவு குடும்பச் செபத்தில் அப்பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.