பினாங்கு வெயிலும் கடல்மேல் நிற்கும் புகையும்

ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தா கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் கெடாவின் ஜெராய் மலை தெரிய வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம், 1,217 மீட்டர் உயரம். கடாரத்தைத் தேடி வந்த கப்பலோட்டிகள் அடையாளம் வைத்துக்கொண்ட மலை அது. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால், காலையில் அதன் முகடும் சரிவும் துல்லியமாகத் தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் பத்து நாள் மழை இல்லாமல் போனால் மலையைக் காணோம். மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் வெளிறிப்போய் நிற்கும். காலை நடைக்கு வந்தவர்கள், “இன்னிக்கு பனி ஜாஸ்தி” என்று பேசிக்கொண்டு போவார்கள்.

அது பனி இல்லை. கடல்மேல் மூடுபனி பிடிப்பதற்கு வேண்டிய குளிர்ச்சி மலாக்கா நீரிணையில் கிடையாது.

தரையையோ கடலையோ தொட்டுக்கொண்டு நிற்கும் மேகம்தான் மூடுபனி. பார்வை எட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலையாளர்கள் அந்தப் பெயரில் பதிவு செய்வார்கள். அது உண்டாக, காற்று தன்னிடமுள்ள நீராவியை இனித் தாங்க முடியாது என்ற அளவுக்குக் குளிர வேண்டும். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் கோடைதோறும் நடப்பது இதுதான். அங்கே கரையோரத்தில் கடலின் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. நடுக்கோடையிலும் கடல்நீர் 12, 13 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பசிபிக்கின் ஈரக்காற்று அந்த நீரைத் தடவி வரும்போது மூடுபனி திரள்கிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்தி, சூடான காற்று மேலே எழும்ப எழும்ப, கடல் பக்கத்துக் காற்று கோல்டன் கேட் வாயில் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் உள்நாட்டில் வெயில் எவ்வளவு ஏறுகிறதோ, கரையில் அவ்வளவு பனி. அந்த ஊர் வானிலை அறிக்கையில் கடும் வெப்பமும் கடலோர மூடுபனியும் ஒரே நாளில் இடம்பெறுவதற்குக் காரணம் இந்தக் குளிர்ந்த கடல்.

நம் கடல் அப்படியில்லை. மலாக்கா நீரிணையின் மேல்நீர் ஆண்டு முழுவதும் 29, 30 டிகிரியில் நிற்கிறது. தன்மேல் வீசும் காற்றை அது குளிர்விப்பதில்லை, சூடாக்குகிறது. பிறகு அந்த வெள்ளைத் திரை எங்கிருந்து வருகிறது?

புகையும் தூசும்தான். வறண்ட நாள்களில் இரவு வானம் தெளிவாக இருக்கும். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே இருக்கும் காற்று சற்றுச் சூடாகவும் இருந்தால், கீழே உள்ளது மேலே போக வழியில்லை. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, எங்கோ கொளுத்திய குப்பையின் புகை எல்லாம் அந்த மூடியின் கீழ் சேர்ந்துவிடும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்த நுண்துகள்களில் பல ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த துகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். அதே அளவு புகை, மாலையைவிடக் காலையில் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். தரையில் பிடித்த பனியாக இருந்தால் வெயில் ஏறியதும் ஒன்பது, பத்து மணிக்குள் கரைந்துவிடும். நண்பகலிலும் பட்டர்வொர்த் மங்கலாகவே இருந்தால், நாம் சுவாசிப்பது புகையை.

உண்மையான மூடுபனி பினாங்கில் உண்டு. அதற்குக் கொடிமலைக்குப் போக வேண்டும். கடலோர ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது விரிந்து குளிர்கிறது. மாலை மழை ஓய்ந்தபின் அடிவாரத்துக் காற்றே நிறைய ஈரத்தோடு இருப்பதால், சில நூறு மீட்டர் ஏறினாலே மேகமாகிவிடும். ரயில் மேலே போய் நிற்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர். கீழே ஆயர் ஈத்தாமிலிருந்து பார்ப்பவருக்கு மலைமேல் மேகம். மேலே நிற்பவருக்குப் பத்தடி தள்ளி யார் வருகிறார் என்று தெரியாத மூடுபனி. நகரத்தைவிட ஐந்து டிகிரி வரை குளிர்ச்சியும் கிடைக்கும்.

புகை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பருவக்காற்று முடிவு செய்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தாய்லாந்து, மியன்மார், லாவோஸ் பகுதிகளில் வயல்களையும் காட்டையும் எரிக்கும் காலம். காற்று வடக்கிலிருந்து வந்தால் அந்தப் புகையில் ஒரு பங்கு நமக்கும் வரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றோடு சுமத்ராவின் கரிநிலப் புகை. 2019 செப்டம்பரில் அப்படி வந்த புகையால் பினாங்கில் பள்ளிகள் பல மூடப்பட்டன. ஆனால் எல்லாப் பழியையும் அண்டை நாட்டின்மேல் போட முடியாது. 2022 ஜனவரியில், வறண்ட பருவத்தின் நடுவே, நிபோங் திபால் அருகே பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பற்றி வாரக்கணக்கில் புகைந்தது. பக்கத்திலிருந்த பைராம் தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த நெருப்பு நம் மாநிலத்தின் குப்பையில் எரிந்த நெருப்பு.

இனி வெயில். பினாங்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனாலும் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் வேறுதான். வடகிழக்குப் பருவக்காற்று தன் மழையைக் கிழக்குக் கரையில் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி வறண்டு வருகிறது. வானத்தில் மேகம் குறைவு. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் பினாங்கின் உச்சிக்கு நேர் மேலேயே வந்து நிற்கும். எல் நினோ ஆண்டாக இருந்தால் இன்னும் கடுமை: மலேசியாவின் உச்ச வெப்பநிலையான 40.1 டிகிரி பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவானது 1998 ஏப்ரல் 9 அன்று. 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவிலும் வெப்பத்துக்காகப் பள்ளிகளை மூடினார்கள்.

பினாங்குத் தீவு அந்த எண்களை எட்டுவதில்லை. சுற்றிலும் கடல்; பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும். வானிலை அறிக்கையில் பெரும்பாலும் 32, 33 என்றே இருக்கும். இந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது என்பதே என் வாதம். மழைநாளில் கொடியில் போட்ட துணி காயாததுபோல், ஈரம் மிகுந்த காற்றில் உடம்பின் வியர்வையும் காயாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். 1979இல் ராபர்ட் ஸ்டெட்மன் வகுத்த கணக்கை அடிப்படையாகக் கொண்ட வெப்பக் குறியீட்டின்படி, 33 டிகிரியில் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருந்தால் உடல் உணர்வது ஏறக்குறைய 34 டிகிரி. அதே 33 டிகிரியில் ஈரப்பதம் 65 விழுக்காடானால் 40ஐத் தாண்டிவிடுகிறது. இது நிழலில் நிற்பவருக்கான கணக்கு. வெயிலில் நிற்பவருக்கு இன்னும் கூடும்.

தைப்பூசம் இந்த வறண்ட பருவத்தில்தான் வருகிறது. தண்ணீர்மலையை நோக்கிப் போகும் தார்ச்சாலை நண்பகலில் 50 டிகிரியை எளிதில் தாண்டும். அதில் வெறுங்காலோடு காவடி. வழியில் நிற்பவர்கள் காவடி எடுப்பவரின் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். நல்ல காரியம், அறிவியலும் அதற்குத் துணை. சூடான தாரில் விழும் தண்ணீர் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பந்தலில் கொடுக்கும் மோருக்கும் அதே மதிப்பு. வியர்வையில் போன உப்பையும் நீரையும் அது ஒருசேர ஈடுகட்டுகிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப எச்சரிக்கை மூன்று படி கொண்டது. உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் படி. 37 முதல் 40 வரை வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இதில் ஈரப்பதத்துக்கு இடமில்லை. ஆகவே காற்று காய்ந்த உள்நாட்டு மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும்போது, புழுக்கத்தில் தவிக்கும் ஜார்ஜ்டவுனுக்கு ஒன்றும் வராமல் போகலாம். சிங்கப்பூர் 2023 ஜூலையில் வேறு வழியில் போனது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் அங்கே வெப்ப அழுத்த எச்சரிக்கை தருகிறார்கள். 31 டிகிரிக்கு மேல் மிதம், 33 தொட்டால் கடுமை. அமெரிக்க மரைன் படையினர் பயிற்சி முகாமில் மயங்கி விழுவதைத் தடுக்க 1950களில் வகுக்கப்பட்ட முறை இது. கட்டுமானத் தொழிலாளிக்கும் பள்ளித் திடலில் ஓடும் பிள்ளைக்கும் பயன்படுவது இந்த எண்தான்.

இரவும் கணக்கில் வர வேண்டும். வெதுவெதுப்பான கடல் காரணமாகத் தீவின் கரையோரத்தில் இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பகலெல்லாம் சூடேறிய சிமெண்டுச் சுவர் இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. பழைய கடைவீடுகளில் நடுவே திறந்த முற்றம் இருந்தது, வாசலில் ஐந்தடி நடைபாதையின் நிழல் இருந்தது; சூடான காற்று மேலே போகவும் குளிர்ந்தது உள்ளே வரவும் வழி இருந்தது. அடுக்குமாடி வீட்டில் சன்னல் ஒன்றுதான் வழி. புகைமூட்ட நாளில் அதையும் சாத்த வேண்டும். குளிர்சாதன வசதியில்லாத முதியவர் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம் என்று மாட்டிக்கொள்கிறார். வெப்பத்துக்கு ஓர் எச்சரிக்கை, புகைக்கு வேறோர் எச்சரிக்கை என்று இரண்டு துறைகள் தனித்தனியே சொல்வது அவருக்குப் போதாது.

சுற்றுச்சூழல் துறை மிண்டன், பாலிக் பூலாவ், செபராங் ஜெயா, செபராங் பிறை நிலையங்களின் காற்றுத்தூய்மைக் குறியீட்டை மணிக்கொரு முறை வெளியிடுகிறது. 2018 முதல் அதில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களும் சேர்ந்துள்ளன. 100ஐத் தாண்டினால் ஆரோக்கியக் கேடு. வானிலை அறிக்கையில் உச்ச வெப்பநிலைக்கு அருகிலேயே ஈரப்பதம் சேர்த்த வெப்பத்தையும் இந்தக் குறியீட்டையும் அச்சிடும்படி வானிலைத் துறையை நாம் கேட்க வேண்டும். அது வரும்வரை, காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கைப்பேசியில் இரண்டு எண்களையும் பாருங்கள். குறியீடு 100க்கு மேல் இருந்தால் காலை நடையை விட்டுவிடுங்கள். வீட்டில் முதியவர் தனியாக இருந்தால் பிற்பகலில் ஒருமுறை போன் போட்டு, தண்ணீர் குடித்தாரா என்று கேளுங்கள்.