பகடிப் பாட்டு – 7: கம்பளி போர்த்திய கலகக்காரர்

போன வாரம் லாகூரில் நிறுத்தியிருந்தோம். பேகைரத் பிரிகேட் என்ற ராக் குழு 2011 அக்டோபரில் வெளியிட்ட ‘ஆலூ அண்டே’ பாட்டின் வீடியோவில் பள்ளிச் சீருடையில் மூன்று பேர். இன்றைக்கும் உருளைக்கிழங்கும் முட்டையும்தானா என்று அம்மாவிடம் சலித்துக்கொள்கிற சாக்கில், ராணுவத் தளபதியிலிருந்து மதவாதிகள்வரை எல்லாரையும் வாரிவிட்டார்கள். எங்கள் தலையில் குண்டு பாயவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் லைக் போடலாம் என்கிற தோரணையில் ஒரு அட்டையையும் காட்டினார்கள். நல்லவேளை, அது நக்கலாகவே நின்றது.

ஹைதராபாத்தில் ஒரு பாட்டுக்காரருக்குக் குண்டு நிஜமாகவே வந்தது.

கத்தரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், “அது ராக் இல்லையே சார்” என்றார் ஆசிரியர் குழு நண்பர். இல்லைதான். கித்தாரும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. தோளில் கறுப்புக் கம்பளி, கையில் தடி, காலில் சலங்கை, பக்கத்தில் தப்பு. ஆனால் ஒற்றை ஆள் மேடையேறி லட்சம் பேரை ஆட்டிவைத்ததற்கு ராக் அகராதியில் வேறு பெயர் இருந்தால் நண்பரே சொல்லட்டும்.

நம் விஷயத்துக்கு அவருடைய வீடியோ என்றால் அது ‘மா பூமி’ படத்தில் வருகிற பாட்டுக் காட்சிதான். 1980-இல் வந்த படம். கிருஷண் சந்தரின் உருது நாவலை வைத்து, கொல்கத்தாக்காரரான கௌதம் கோஷ் எடுத்த முதல் கதைப்படம், தயாரிப்பில் பி. நரசிங்க ராவ். பாட்டு கத்தர் எழுதியதல்ல. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் இருந்த பண்டி யாதகிரியின் ‘பண்டெனக பண்டி கட்டி’. பாட்டில் வாங்கிக் கட்டிக்கொள்பவர் சாதாரண ஆள் இல்லை. உலகத்தின் பெரிய பணக்காரர் என்று 1937-இல் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் படம் போட்ட நிஜாம். அவரை ஏகவசனத்தில் கூப்பிட்டு, வண்டி பூட்டி வரச்சொல்லி, அவர் கோட்டையடியிலேயே அவருக்கு முடிவும் குறிக்கிறது பாட்டு. ஆத்திரம் கொஞ்சம்தான்; வண்டி போகிற தாளத்தில் வருகிற கிண்டல்தான் அதிகம்.

படம் வந்தபோது நிஜாம் செத்துப் பதின்மூன்று வருஷம். பிறகு யாரை நினைத்துக் கை தட்டினார்கள்? ஊருக்கு ஊர் நிலப்பிரபுத் தொரைகள் அப்படியே இருந்தார்கள். 1978-இல்தான் ஜகித்யாலில் விவசாயிகள் அவர்களை எதிர்த்துத் திரண்டிருந்தார்கள். நிஜாம் என்று பாடினால் தன்னூர் தொரையின் முகம் தெரிந்தது. பகடிப் பாட்டுக்கு இது பெரிய சௌகரியம்: வழக்குப் போடவேண்டும் என்றால் ‘அது நான்தான்’ என்று அவரே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

கும்மடி விட்டல் ராவ் என்பது இயற்பெயர். மேதக் பக்கம் தூப்ரான். வெள்ளையரை எதிர்த்த கதர் கட்சியின் நினைவில் வைத்துக்கொண்ட பெயர்தான் கத்தர். கனரா வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே, நக்சல் இயக்கத்தின் கலைக்குழுவான ஜன நாட்டிய மண்டலியில் பாடினார். 1984-இல் வேலையை விட்டார், பிறகு தலைமறைவு. ஒக்குக் கதை, புர்ரகதை, வீதி பாகவதம் எல்லாம் அவர் ஆட்டத்தில் கலந்திருந்தன. பாட்டின் நடுவில் சட்டென்று நிறுத்துவார். கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்: கேள்வி, கிண்டல், ஒரு சின்னக் கதை. சனம் சிரித்து முடிப்பதற்குள் தப்பு அடி விழும், பாட்டு விட்ட இடத்தில் தொடரும். ஒலிநாடாவில் வெறும் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பாதி கத்தர்தான் கிடைத்தார் என்பேன். 1990 பிப்ரவரியில் அவர் வெளியே வந்து நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடியபோது கூட்டம் லட்சத்தைத் தாண்டியது.

1997 ஏப்ரல் 6. அல்வால் பக்கம் வெங்கடாபுரத்தில் வீட்டுக்கே வந்து சுட்டார்கள். பிழைத்தார். ஒரு குண்டை மட்டும் எடுக்க முடியாமல் முதுகெலும்பிலேயே விட்டுவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் அதோடுதான் ஆடினார்.

2023 ஆகஸ்ட் 6-இல் இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம். எந்த அரசுகளைக் காலமெல்லாம் கேலி செய்தாரோ அவற்றின் போலீஸ் துப்பாக்கிகள் மரியாதைக்கு உயர்ந்தன. அதோடு விடவில்லை. ‘ஓரேய் ரிக்ஷா’ படப்பாட்டுக்குக் கொடுத்த நந்தி விருதை வேண்டாம் என்றவர் அவர். தெலங்கானா அரசோ நந்திக்குப் பதிலாகத் தரும் திரைப்பட விருதுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டது. ஒரு பாட்டுக்காரரை அடக்கத் தடையைவிட விருது தோது என்பது எந்தக் கட்சி ஆட்சிக்கும் சீக்கிரமே புரிந்துவிடுகிறது.

2025 ஜூன் 14, மாதாப்பூர் ஹைடெக்ஸ் அரங்கில் முதல் கத்தர் விருது விழா. சிறந்த நடிகர் அல்லு அர்ஜுன், ‘புஷ்பா 2’ படத்துக்காக. செம்மரக் கடத்தல்காரன் வேஷம்.

அடுத்த வாரம் கொடைக்கானல்: ஒரு தெர்மாமீட்டர் ஆலை, ஒரு ராப் பாட்டு.