சிந்தசைசர் ஒலியடுக்கு

சிந்தசைசர் ஒலியடுக்கு என்பது, ஒரே சுரத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மின்னணு ஒலிகளால் ஒரே நேரத்தில் இசைத்து, ஒரே கருவி போல ஒலிக்கச் செய்யும் முறையாகும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இது லேயரிங் எனப்படும். அடுக்கிய ஒலிகளின் அளவைச் சரிசெய்து இணைப்பது மிக்சிங், அதாவது ஒலிக்கலவை.

வரலாறு

1983இல் மிடி என்னும் பொதுத் தரம் வந்தபின், ஒரு கட்டையை அழுத்தி வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றாக ஒலிக்கச் செய்வது எளிதாயிற்று. தமிழில் இளையராஜாவின் புன்னகை மன்னன் (1986) கணினிவழி இசைக்கோர்வைக்காக அறியப்படுகிறது. ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் கூடத்தில் ரோஜா (1992) பாடல்களை உருவாக்கினார்.

அடுக்கும் முறை

ஒரு கருவியை நம் காது பெரும்பாலும் அதன் ஒலியின் தொடக்கத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. எனவே ரோலண்ட் டி-50 (1987) சிந்தசைசர், தொடக்கத்திற்குப் பதிவுசெய்த ஒலித்துண்டையும், நீண்டு நிற்கும் பகுதிக்குச் செயற்கை ஒலியையும் இணைத்தது. சுருதியைச் சற்றே விலக்குவது மற்றொரு வழி. 440, 442 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தால் நொடிக்கு 2 விம்மல்கள் தோன்றும். ஒலி செழுமையாகக் கேட்கும்.

கலக்கும் முறை

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களை ஓர் அடுக்குக்கு மட்டும் விட்டு, மற்றவற்றில் குறைக்க வேண்டும். இல்லையேல் ஒலி குழம்பும். ஒரே அதிர்வெண் கொண்ட இரு அலைகள் எதிர்க்கட்டத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டுச் சோதிப்பது நல்லது.

சொல்லின் தெளிவு

மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சார்ந்தது. சிந்தசைசரும் அங்கேயே முழங்கினால் பாட்டின் சொல் மறையும். ராயபுரம், திருவொற்றியூர் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளின் கானாவை எடுத்துக்கொள்வோம். அது குரலையும் தாளத்தையும் நம்பி வளர்ந்த பாட்டு. இறந்தவரின் பெயரையும் வாழ்வையும் சொல்லும் மரண கானாவில் அந்தப் பெயரே கேட்காமற்போனால் பாட்டின் பயன் போய்விடும். இத்தகைய பாடலுக்கு மின்னணு இசை சேர்ப்பவர், குரல் வரும் இடங்களில் அந்த அதிர்வெண் பகுதியைச் சில டெசிபெல் தணிக்க வேண்டும்.

கைபேசியின் சிறு ஒலிபெருக்கி மிகத் தாழ்ந்த ஒலிகளைச் சரிவரத் தராது. அதற்காக பேஸ் அளவைக் கூட்டிப் பயனில்லை. அதன் மேற்சுரங்களை மெல்லிய அடுக்காகச் சேர்த்தால், தாழ்ந்த சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். ஓர் அடுக்கை நிறுத்திய பிறகும் பாட்டில் வேறுபாடு தெரியவில்லையென்றால், அந்த அடுக்கு தேவையில்லை.