சமவெளி ஆம்புலன்ஸ் மலையேறும்போது

தஞ்சாவூர்ப் பக்கம் நாலைந்து வருஷம் 108 ஆம்புலன்ஸில் வேலை பார்த்த ஒருவருக்கு வால்பாறைக்கு மாறுதல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் அதன் உள்ளே இருக்கும் ஸ்ட்ரெச்சரும் மருந்துப் பெட்டியும் ஏறக்குறைய அவருக்குப் பழக்கமானவைதான். கற்ற முதலுதவியும் மாறவில்லை. பிறகு எதற்காக முதல் மாதம் எல்லாமே புதிதாய்த் தெரிகிறது?

ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து தொடங்கினால் இது சட்டென்று புரியும். ஆம்புலன்ஸில் வைக்கும் ‘பி டைப்’ சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர் கொடுக்கும். மூச்சுத் திணறும் நோயாளிக்குப் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அது 100 நிமிடம் வரும். சமவெளியில் அரை மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடுவதால், அந்த 100 நிமிடத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை இறங்கும் மலைப்பாதையில் மட்டும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். அதாவது, முழுச் சிலிண்டரோடு கிளம்பினாலும் ஒரே சிலிண்டர் என்றால், பொள்ளாச்சி வருவதற்குள் காற்று தீர்ந்துவிடும்.

கையில் உள்ள திறமை குறையவில்லை. ஆனால் அந்தத் திறமை எந்தச் சாலையில், எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தப் பேச்சு பேசுகிறவர்களிடம் பயன்படுகிறது என்பது மாறிவிட்டது. மாறுதலில் போகிறவர் புதிதாகப் படிக்க வேண்டியது அதைத்தான்.

யார் இந்தப் ‘பாராமெடிக்’?

நம்மூரில் ‘பாராமெடிக்கல் படிப்பு’ என்றால் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் எல்லாருமே அதில் அடக்கம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தச் சொல்லுக்கு ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் பயிற்சி பெற்றவர் என்பது மட்டுமே பொருள். அவருக்கு நிகராக இங்கே நாம் காண்பவர் 108-இன் மருத்துவ உதவியாளர். வண்டிக்குள் அவரை ‘ஈ.எம்.டி.’ என்பார்கள், ஓட்டுநரைப் ‘பைலட்’ என்பார்கள்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர்கள், டி.எம்.எல்.டி. முடித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. பட்டம் பெற்றவர்கள் வரை எடுக்கிறார்கள். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று சுமார் 50 நாள் பயிற்சி. பிறகு பகலும் இரவும் மாறிவரும் 12 மணி நேர ஷிப்ட். மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் வேலை கொடுக்கலாம் என்பது ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வழக்கமாக இருக்கும் வரி. விண்ணப்பிக்கும்போது பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். பிறகு ஒரு நாள் அந்த வரி கையில் உத்தரவாக வருகிறது.

சாலையே சிகிச்சையை மாற்றும்

மலைக்கு மாறுகிறவர் முதலில் பழக வேண்டியது சிலிண்டர் கணக்கு. பி டைப் சிலிண்டரில் மீட்டர் காட்டும் அழுத்தத்தைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக எத்தனை லிட்டர் மிச்சம் என்று தெரியும். 100 காட்டினால் 1,000 லிட்டர். அதை ஓடும் அளவால் வகுத்தால் நிமிடம். ஷிப்ட் மாறும்போது இதைக் கணக்குப் போட்டு, உபரி சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது சரிவு. ஆம்புலன்ஸில் நோயாளியின் தலை வண்டியின் முன்பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது வண்டியின் மூக்கு கீழே சாய்வதால் தலை தாழ்ந்து கால் உயரும். மூச்சுத் திணறலோ தலைக் காயமோ உள்ளவருக்கு இது ஆகாது. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைச் சமவெளியில் வைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக உயர்த்த வேண்டியிருக்கும். ஏறும்போது நிலைமை தலைகீழ்: ரத்தம் இழந்து துவண்டவருக்குக் கால் தாழ்ந்துவிடும்.

மூன்றாவது குமட்டல். நாற்பது வளைவில் நோயாளி வாந்தி எடுப்பார், கூட வந்தவர் எடுப்பார், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மருத்துவ உதவியாளரும் எடுப்பார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழகிவிடும். ஆனால் அரைமயக்கத்தில் இருக்கும் நோயாளியின் வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே முதுகெலும்பில் அடி இல்லாதவர் என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து, சக்‌ஷன் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் வளைவில் இறங்க வேண்டும். நரம்பில் ஊசி போட வேண்டியிருந்தால் வண்டி கிளம்பும் முன்பே போட்டுவிடுவது நல்லது. வளைவில் ஆடும் வண்டியில் நரம்பு தேடுவது நோயாளிக்குத்தான் வலி.

சிக்னல் இன்னொரு பிரச்சினை. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மைய டாக்டரைப் போனில் கேட்டுச் செய்வதுதான் 108-இன் முறை. மலைப்பாதையில் பல இடங்களில் போன் எடுக்காது. எந்த வளைவுக்குப் பிறகு சிக்னல் போகும், எங்கே திரும்ப வரும் என்று பைலட்டுக்குத் தெரிந்திருக்கும். பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

பைலட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புது ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் வாத்தியார் அவர்தான். “அண்ணே, இந்த நேரத்துல கீழ இறங்க எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். சீசன் நாளா, பனி மூட்டமா, எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அவர் பதில் சொல்வார். வரைபடச் செயலி காட்டும் நேரத்தைவிட அந்தப் பதிலை நம்பலாம்.

உயரமும் குளிரும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே ரத்த ஆக்சிஜன் அளவு சமவெளியைவிடச் சில புள்ளி குறைந்து காட்டலாம். குளிரில் விறைத்த விரலில் அதை அளக்கும் கருவியை மாட்டினால் இன்னும் தப்பாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பணியேற்ற முதல் நாள் உங்கள் விரலிலேயே மாட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டால், அந்த ஊரில் இயல்பு எது என்று ஒரு பிடி கிடைக்கும்.

ஆம்புலன்ஸில் பிரசவம் நடப்பது 108-க்குப் புதிதல்ல. மலையில் அதற்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. பிறந்த குழந்தை மிக வேகமாகச் சூட்டை இழக்கும். உடனே துடைத்து, தலைக்குத் துணி சுற்றி, தாயின் நெஞ்சோடு சேர்த்து, இருவரையும் கம்பளியால் போர்த்த வேண்டும். காய்ந்த துணி எப்போதும் வண்டியில் இருக்கிறதா என்பது சமவெளியில் சின்ன விஷயம், இங்கே அப்படியில்லை.

மண்ணுக்கேற்ற அவசரம்

ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கே உரிய அழைப்புகள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்தில் தீக்காயம், கடற்கரையில் நீரில் மூழ்கியவர், நெடுஞ்சாலை ஓரத்தில் விபத்து, வயற்காட்டில் பூச்சிமருந்தும் பாம்புக் கடியும்.

பாம்புக் கடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு வேலை செய்யும். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், இமை தானாகத் தொங்கும். நகரத்திலிருந்து வயற்காட்டுக்கு மாறி வந்தவர் இதை அஜீரணம் என்று நினைத்துவிட்டால் அடுத்து மூச்சு நிற்கும் கட்டம் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலோ வேறொரு சிக்கல். அங்கே உள்ள சில குழிவிரியன்களுக்கு இந்த விஷமுறி பலன் தராது. அதற்காகப் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்க வேண்டாம். யாராவது தூர நின்று போனில் படம் எடுத்திருந்தால் அதை டாக்டரிடம் காட்டலாம்.

விஷச் செடிகளின் பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கூட வந்தவர் சொல்லும் பெயர் புரியவில்லை என்றால் அவர் சொன்னபடியே பதிவுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஒரு பெயராக மாற்றி எழுதுவதுதான் ஆபத்து. உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்.

பேச்சும் முகவரியும்

தமிழ் தெரியும் என்பதாலேயே எல்லாம் புரிந்துவிடாது. ‘நெஞ்சு கரிக்குது’, ‘வாயு பிடிச்சிருக்கு’, ‘இளைக்குது’, ‘படபடன்னு வருது’ என்று சொல்லும் நால்வரில் யாருக்கு மாரடைப்பு என்பதைச் சொல் சொல்லாது. வியர்வையும் நாடியும் ஈ.சி.ஜி.யும்தான் சொல்லும். அந்த ஊரில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் கேட்டுப் பழகலாம். நீலகிரியில் படுகு, கன்னடம், மலையாளம் காதில் விழும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, மூச்சை இழுத்து விடுங்கள் என்ற நாலு வாக்கியத்தை முதல் வாரத்திலேயே படித்துவிடுவது நல்லது.

முகவரி சொல்லும் முறையும் வேறு. தேயிலைத் தோட்டத்தில் தெருப் பெயரும் கதவு எண்ணும் இருக்காது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் வீடு, இத்தனையாம் நம்பர் காடு என்றுதான் வழி சொல்வார்கள். ஒரே எஸ்டேட்டில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் சாலை வேறாக இருக்கலாம். தப்பான பக்கம் ஏறிவிட்டால் திரும்பிவர வெகுநேரம் ஆகும். வண்டி போகாத இடத்துக்கு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியும் வரும். அப்போது கை கொடுப்பவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். முன்பே முகம் தெரிந்திருந்தால் ஒரு சத்தத்தில் ஓடி வருவார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு?

பக்கத்து ஆஸ்பத்திரியும் பொருத்தமான ஆஸ்பத்திரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேன் எங்கே இரவிலும் ஓடுகிறது, சிசேரியன் செய்யும் சீமாங் மையம் எது, விஷமுறி இருப்பில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, ரத்த வங்கி எங்கே என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் தனியார் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்துள்ளன. உங்கள் வட்டாரத்தில் சேர்ந்தவை எவை என்று தெரிந்து வைத்திருந்தால், பணத்தை நினைத்துப் பதறும் குடும்பத்துக்கு வண்டியிலேயே பதில் சொல்லலாம்.

எல்லையோர ஊர்களில் இன்னொரு கேள்வி வரும். ஓசூரில் இருப்பவருக்குப் பெங்களூரு பக்கம், கூடலூரில் இருப்பவருக்குக் கேரளம் பக்கம். மாநில எல்லையைத் தாண்டலாமா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டுச் செய்யுங்கள். அவசரம் வரும் முன்பே அந்த நடைமுறை என்ன என்று கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கடல் தாண்டினால்

வெளிநாடு போக நினைப்பவருக்கு முதல் தடை பதிவு. பிரிட்டனில் ‘பாராமெடிக்’ என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு பெற்றது. அந்நாட்டு ஹெச்.சி.பி.சி. மன்றத்தில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. இங்கே பெற்ற ஆம்புலன்ஸ் பயிற்சிச் சான்றிதழ் தானாக அதற்கு ஈடாகாது. வளைகுடா நாடுகளில் உங்கள் சான்றிதழை அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள், பிறகு பெரும்பாலும் கணினித் தேர்வும் உண்டு. எனவே பழைய வேலைச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல் நாடு முழுதும் செல்லும் ஒரே பதிவு முறை வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிறவர் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாநில ஆம்புலன்ஸ் சேவைக்கும் தனிச் சிகிச்சை வழிகாட்டி உண்டு. போகிற இடத்தில் அதைப் புதிதாகப் படித்தே ஆக வேண்டும். இலங்கையின் 1990 ‘சுவசெரிய’ ஆம்புலன்ஸ் 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கியபோது, அங்கிருந்து வந்தவர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றார்கள். 2018-இல் சேவை யாழ்ப்பாணம் உள்ளிட்ட வடக்குக்கும் போனது. பயிற்சியை ஒரு நாட்டில் பெற்று இன்னொரு நாட்டில் வேலை செய்ய முடிந்தது. சாலையையும் ஆஸ்பத்திரியையும் அவரவர் மண்ணில்தான் பழக வேண்டியிருந்தது.

முதல் மாதம்

வீடு பார்க்கும்போது வாடகையைவிட வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் மலைப்பாதையில் பைக் ஓட்டுவது நீங்களே ஒரு கேஸ் ஆவதற்கான வழி. பெண் ஊழியர் என்றால் இரவுத் தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி என்பதை அங்கே வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணிடம் கேட்பதே சரி. மழைக்கால மலையில் சீருடை காய நாளாகும், கூடுதலாக ஒரு செட் வேண்டும்.

ஓய்வு நாள் ஒன்றைச் செலவழித்து, பெரிய ஆஸ்பத்திரி வரை பகலில் பஸ்ஸில் போய் வாருங்கள். ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறியுங்கள்: எங்கிருந்து எங்கே எத்தனை நிமிடம், எங்கே சிக்னல் இல்லை, எந்த டிவிஷனுக்கு எந்தப் பக்கம் ஏற வேண்டும், எந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள், எத்தனை மணிக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் உண்டு. ஒரு வருஷத்தில் நோட்டு நிரம்பிவிடும்.

மறுபடி மாறுதல் வந்தால் அந்த நோட்டை உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஊரில் அது உங்களுக்கு உதவாது.