நெற்கதிர்த் தோடு எங்கே ஒடியும்?

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் ஆற்றுக்குப் படைக்கும் பொருள்களில் காதோலை கருகமணியும் இருக்கும். காதோலை என்பது ஒரு சிறிய பனையோலைச் சுருள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அதைப் பெண்கள் காதிலேயே அணிந்தார்கள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும். அந்த விசையே அதைக் காதுத் துளையில் பிடித்து நிறுத்தும். பொன்னில் செய்தபோதும் பழைய பெயர் போகவில்லை. ‘தோடு’ என்ற சொல்லுக்கு ஓலை, பூவிதழ் என்ற பொருள்கள் இன்றும் அகராதியில் இருக்கின்றன. சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தரின் முதல் பதிகம் தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

தாவரத்திலிருந்து காதணி செய்வது நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். டெல்டா மாவட்டங்களில் பணியாற்றும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். நடவுக்குப் பணம் தேவைப்படும் மாதங்களில் வீட்டு நகைகள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். அப்போது சில பெண் குழந்தைகளின் காதில், துளை தூர்ந்துவிடாமல் இருக்க, ஒரு வேப்பங்குச்சி மட்டும் இருக்கும். அந்தக் குச்சியும் மரத்தோடுதான். அதைவிட அழகான ஒன்றை அந்தக் குழந்தையே செய்ய முடியும். ஆனால் ‘தோடு இல்லாதவர்களுக்காக’ என்று சொல்லி இந்த வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். வகுப்பு முழுவதும், மாணவர்களும் சேர்ந்து, செய்யட்டும். அக்காவுக்கோ அம்மாவுக்கோ கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

மரம் எது? தஞ்சாவூர்க்காரர்களுக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுகிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குடத்தைக் கட்டையிலிருந்து குடைந்தே எடுப்பதால் வெட்டி எறியும் மரம் நிறைய. தச்சுப் பட்டறைகளிலும் துண்டு மரம் கேட்டுப் பார்க்கலாம். 3 மி.மீ. கனத்துக்கு இழைத்துத் தரச் சொன்னால் போதும். பலா மென்மையானதும் அல்ல, மிகக் கடினமானதும் அல்ல. குழந்தைகள் கைக்கு ஏற்றது.

எடையைக் கணக்கிடுவதிலிருந்து தொடங்கினால் அறிவியல் வகுப்பும் இதற்குள் வந்துவிடும். 4 செ.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள வட்டத் தோட்டின் பருமன் ஏறத்தாழ 3.77 கன செ.மீ. பலாவின் அடர்த்தியை 0.6 என்று வைத்துக்கொண்டால் எடை 2.3 கிராம்கூட வராது. அதே அளவில் பித்தளை என்றால் 32 கிராம். தங்கம் என்றால் 73 கிராம், அதாவது ஒன்பது பவுனுக்கும் சற்று மேல், அதுவும் ஒரு காதுக்கு! அடர்த்தி என்ற சொல்லை இதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் மறக்காது. பெரிய தோடு போட ஆசைப்படுபவர்களுக்கு மரம் ஏன் தோது என்பதும் விளங்கிவிடும்.

இனி ரம்பம். ஸ்க்ரோல் சா என்ற இயந்திரத்தில் நூல்போல் மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஓடும். பிளேடு இடம் மாறாது. மேசைமேல் பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிளேடு மெல்லியது என்பதால் மயிலின் கழுத்து வளைவைக்கூட அறுத்துவிடலாம். பெரும்பாலான பள்ளிகளில் இந்த இயந்திரம் இருக்காது. இல்லை என்பதற்காக வருந்தவும் வேண்டாம். இதே பிளேடை வில்போன்ற சட்டத்தில் மாட்டிய ஃப்ரெட் சா என்ற கைரம்பம் இருந்தால் போதும். முனையில் ‘V’ வடிவ வெட்டு உள்ள ஒரு பலகையை மேசை விளிம்பில் இறுக்கி, அந்த வெட்டுக்கு மேல் மரத்தை வைத்து அறுக்க வேண்டும். பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். இயந்திரம் கிடைத்தால் அதை ஆசிரியரே இயக்குவது நல்லது. தலைமுடி, துப்பட்டா, சட்டைக்கை எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள வேண்டும். பிளேடு உடைந்து தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் அவசியம்.

பிளேடு வாங்கும்போது பற்களை எண்ணுங்கள். ஓர் அங்குலத்துக்கு 10 பற்கள் என்றால் பல்லுக்குப் பல் இடைவெளி 2.5 மி.மீ. 3 மி.மீ. பலகைக்குள் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பற்களே இருக்கும். அவை மரத்தை அறுக்காமல் பிய்க்கும். 25 பற்கள் உள்ள பிளேடில் ஏறத்தாழ மூன்று பற்கள் எப்போதும் மரத்துக்குள் இருக்கும், வெட்டு வழவழப்பாக வரும்.

இதெல்லாம் சுலபம். சிக்கல் வரைபடத்தில்தான் வருகிறது. ‘உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்’ என்று டெல்டாக் குழந்தைகளிடம் சொன்னால் நெற்கதிர் வரைவார்கள். நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் மணிகள். தாளில் அழகாக இருக்கும். மரத்தில் அறுத்தால், தண்டு நிற்கும். பக்கவாட்டில் நீளும் மணிகள் உப்புத்தாள் போடும்போதே ஒவ்வொன்றாக உதிரும்.

காரணம் மரத்தின் நார். மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நார் அறுபடும்படி அதை ஒடிப்பது கடினம். நாருக்கு நார் பிரிப்பது எளிது. விறகு பிளப்பவர் கோடரியை எந்தத் திசையில் இறக்குகிறார் என்பதைக் குழந்தைகளிடம் கேளுங்கள், பதில் உடனே வரும். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தால் இன்னும் தெளிவாகும். குறுக்கே ஒடிக்கப் பலம் வேண்டும். நீளவாக்கில் நகத்தாலேயே பிளக்கலாம். நெற்கதிரின் தண்டு நார் ஓட்டத்தோடு போகிறது. பக்கவாட்டு மணியின் காம்போ நாருக்குக் குறுக்கே போகிறது. அந்தக் காம்பில் இருப்பவை குட்டை நார்கள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை.

அதனால், தாளை மரத்தின்மேல் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் பலகையில் நார் ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடட்டும். பிறகு வரைபடத்தில் எது ஒடியும் என்று சிவப்பு மையில் வட்டமிடட்டும். என் கருத்தில் இந்தச் சிவப்பு வட்டம்தான் பாடத்தின் உயிர். அறுத்த பிறகு யாருடைய வட்டம் சரியாக இருந்தது என்று பார்க்கலாம். ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஓர் அட்டையில் ஒட்டி வையுங்கள்.

தீர்வுகளையும் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். மணிகளைத் தண்டோடு நெருக்கி, ஒன்றையொன்று தொடும்படி வரையலாம். சுற்றி ஒரு வளையம் வரைந்து மணிகளின் நுனியை அதில் இணைக்கலாம். அல்லது ஒட்டுப்பலகைக்கு மாறலாம். அதில் ஓர் அடுக்கின் நார் நெடுக்காகவும் அடுத்த அடுக்கின் நார் குறுக்காகவும் இருப்பதால் எந்தத் திசையிலும் அது எளிதில் பிளக்காது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு முன்பு பலாப்பலகை அடித்தளமாக இருந்தது. இன்று பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். அழகில் பலா பலாதான் என்பது வேறு.

அடுத்து கோலம். சிக்குக் கோலத்தைத் தோடாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கோட்டின்மேலேயே ரம்பத்தை ஓட்டினால் எல்லா அறைகளும் தனித்தனியாகக் கழன்று விழுந்துவிடும். கோடு மரமாக நிற்க வேண்டுமானால் அதற்கு அகலம் கொடுத்து, உள்ளே இருக்கும் அறைகளை வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். எத்தனை துளை என்று முன்கூட்டியே சொல்ல ஒரு வழி உண்டு. ஒரே தொடர்கோட்டில் போட்டு முடியும் கோலமாக இருந்தால், கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டுங்கள். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு வெட்டு, இரண்டு அறைகள். பெரிய கோலங்களிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

தோடு என்றால் ஜோடி. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக டேப் ஒட்டி அறுத்தால் அளவு பிசகாது. கிடைப்பவை ஒரே மாதிரியான இரண்டு மயில்கள்; இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். காதில் அவை எதிரெதிர்த் திசையில் பார்க்க வேண்டுமே? ஒன்றைப் புரட்டிப் போட்டால் சரி. சமச்சீர் பாடத்தில் கண்ணாடி வைத்துக் காட்டும் பிம்பம் இங்கே கையில் கிடைக்கிறது. இடையில் ‘ஜோடி ஒன்றுபோல்தான் இருக்க வேண்டுமா?’ என்று கேட்டால், தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள சோழர் செப்புத் திருமேனிகளைக் காட்டுங்கள். நடராசரின் வலக்காதில் ஆணுக்குரிய மகரக் குழையும் இடக்காதில் பெண்ணுக்குரிய தோடும் இருப்பதே வழக்கம்.

கொக்கி மாட்டும் துளையை வடிவத்தை வெட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், அடியில் ஒரு வேண்டாத பலகையை வைத்து. துளைக்கும் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ.யாவது விடுங்கள். கொக்கி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். வெள்ளியோ சர்ஜிக்கல் ஸ்டீலோ வாங்கலாம்.

உப்புத்தாள் போடும் வேலையைத் திறந்த வராந்தாவில், முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மரத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு மூக்குப் பகுதியில் புற்றுநோய் வருவதால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஒரு வாரக் கைவேலைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் பழக்கம் இங்கேதான் தொடங்கும். இந்தக் குழந்தைகளில் சிலர் நாளை பட்டறைக்குப் போகலாம். மெருகுக்குத் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

மீந்த பலாத்துண்டு ஒன்றைப் பாதி மறையும்படி கறுப்புத் தாள் சுற்றி, வெயில்படும் ஜன்னலில் வைத்துவிடுங்கள். புதிதாக இழைத்த பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்ட பாதி நாளடைவில் பழுப்பேறும். பழைய வீணைகள் ஏன் அந்த நிறத்தில் இருக்கின்றன என்று அப்போது கேட்கலாம்.