கூடையோடு பெயரையும் எடுங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தில் பாலம் ஏறி இறங்கினால் மவுன்ட் பிளசன்ட். அந்த வழியாகப் போகும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் மரச்சட்டம் அடித்த சின்னச் சின்னக் கடைகள். சட்டமெங்கும் ஆணியில் கூடைகள் தொங்கும். பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூடை செய்துகொண்டே வியாபாரம் பார்ப்பார்கள். காரை நிறுத்தி, இறங்காமலே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. அந்தப் படத்தில் எதுவெல்லாம் விட்டுப்போகிறது என்பதுதான் என் கவலை.

இவர்கள் கல்லா கீச்சி மக்கள். நெல் விளைந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து, கரோலினாவின் நெல் பண்ணைகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். நெல்லோடு கூடையும் வந்தது. உரலில் குத்திய அரிசியிலிருந்து உமியைப் பிரிக்க அவர்கள் செய்த அகலமான வட்டத் தட்டுக்கு ‘ஃபேனர்’ என்று பெயர். நம் வீட்டு முறம் செய்யும் வேலைதான். ஆனால் மூங்கில் பிளாச்சு இல்லை, புல்.

செய்முறையைச் சொல்லியாக வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழை இதில் கிடையாது. ஒரு பிடி புல்லை முடிச்சுப் போட்டு மையமாக வைக்கிறார்கள். அதைச் சுற்றிப் புல்கற்றையை வளையம் வளையமாக ஓட்டி, ஒவ்வொரு வளையத்தையும் முந்தைய வளையத்தோடு பால்மெட்டோ என்னும் பனையின் ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். ஊசிக்குப் பதில் பழைய ஸ்பூன்: குழிந்த பாகத்தை ஒடித்துவிட்டு, காம்பின் நுனியைத் தேய்த்து வைத்திருப்பார்கள். அதைக் கொண்டு துளை திறந்து, கீற்றை நுழைத்து, இறுக்கி இழுக்க வேண்டும். புல் தீரத் தீரப் புதுப்புல்லைச் செருகிக்கொண்டே போக வேண்டும். கற்றையின் பருமன் மட்டும் மாறக்கூடாது. வெளிர் நிறத்தில் இருப்பது ‘ஸ்வீட்கிராஸ்’ என்னும் மணமுள்ள புல். இடையிடையே வரும் பழுப்பு வரி, பைன் மரத்தின் ஊசி இலை.

தொடக்க முடிச்சைப் பெரியவர்கள் போட்டுக் கொடுக்க, மேற்கொண்டு வளையம் சுற்றிப் பழகுவார்கள் குழந்தைகள். 2008-இல் மெக்ஆர்தர் விருது பெற்ற மேரி ஜாக்சன் நான்கு வயதில் இப்படித்தான் தன் தாயிடம் உட்கார்ந்தார். தாய்க்குக் கற்றுத் தந்தவர் பாட்டி.

கேமராவோடு போகிற யாரும் முதலில் எடுப்பது கையைத்தான். சுருக்கம் விழுந்த விரல், ஓலைக் கீற்று, பின்னணி மங்கல். அழகான படம்தான். ஆனால் கையை மட்டும் எடுத்தால் குடும்பம் தெரியாது. கடையில் உட்கார்ந்திருப்பது பெண். புல் பறிக்கச் சதுப்பு நிலத்தில் இறங்கியது பெரும்பாலும் அந்த வீட்டு ஆண். பண்ணைக் காலத்தில், தடித்த கோரையில் சுமை தாங்கும் பெரிய கூடைகளைச் செய்ததும் ஆண்கள்தான். சாலையோரத்தோடு திரும்பிவிடும் கேமராவுக்கு இந்தப் பாதி அகப்படாது.

பழைய படங்கள் இதைவிட நன்றாகச் சொல்லித் தருகின்றன. இதே கடற்கரையில் தெற்கே செயின்ட் ஹெலினா தீவு. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக அங்கே 1862-இல் பென் பள்ளி தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கூடைத் தொழில் கற்றுத் தந்தவர் ஆல்ஃபிரட் கிரஹாம். அடிமையாகப் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் பிறந்த தந்தையிடம் தொழில் கற்றவர். அவர் தன் உறவுப் பிள்ளை ஜார்ஜ் பிரவுனுக்குக் கற்றுத் தந்தார். பிரவுன் தன் மகனுக்குத் தந்தார். லீ ரிச்மண்ட் மைனர் என்ற ஆசிரியர் அந்தத் தீவு மக்களைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அவை 1970-இல்தான் ‘ஃபேஸ் ஆஃப் அன் ஐலண்ட்’ என்ற நூலாக வந்தன. பெயர்கள் எழுதப்பட்டிருப்பதால்தான் இன்று நாம் ஒரு பரம்பரையை வரிசையாகச் சொல்ல முடிகிறது.

மறுபக்கம் டோரிஸ் உல்மன். நியூயார்க்கைச் சேர்ந்த பெரிய கலைஞர். கல்லா மக்களை அவர் எடுத்த படங்கள் 1933-இல் ‘ரோல், ஜோர்டன், ரோல்’ நூலில் வந்தன. ஒளி கசிந்து பரவும் அந்த முகங்களை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஆனால் அந்த முகங்கள் யாருடையவை என்று நூல் சொல்வதில்லை. அதே உல்மன் அப்பலாச்சிய மலைகளின் வெள்ளையினக் கைவினைஞர்களை எடுத்த படங்கள் 1937-இல் ஆலன் ஈட்டனின் நூலில் வந்தபோது, பலருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. மலையில் இருந்தவர் கைவினைஞர். கடற்கரையில் இருந்தவர் வெறும் காட்சி. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

இன்றைய படத்தில் விட்டுப்போகும் இன்னொன்று நிலம். 2006-இல் மாநிலம் இந்தக் கூடையைத் தன் அதிகாரபூர்வக் கைவினையாக அறிவித்தது. ஆனால் புல் வளரும் கரைகளில் பல இன்று வேலிபோட்ட குடியிருப்புகளுக்குள் இருக்கின்றன. முன்பு நடந்துபோய்ப் பறித்த புல்லை இன்று தூர ஊர்களில் தேடவோ விலைக்கு வாங்கவோ வேண்டியிருக்கிறது. உயில் எழுதாமல் வாரிசுகளுக்குப் பொதுவில் வந்த நிலங்களில், ஒரு பங்காளி தன் பங்கை விற்றாலே மொத்த நிலமும் ஏலத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. கூடையின் விலை அதிகம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்த வேலிகளின் படத்தைக் காட்ட வேண்டும்.

ராலே, சார்லட், அட்லாண்டா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சார்ல்ஸ்டனுக்குச் சுற்றுலா போவது வழக்கம். அடுத்தமுறை போகும்போது காரிலிருந்து இறங்குங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், அவர் பெயரையும் யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு, அவர் சம்மதித்தால் படத்தின் கீழே எழுதுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பி வையுங்கள்.